வாசகர் கேள்வி – பதில்: வைஃபையில் குரல் ஏன் வெட்டுப்படுகிறது?

கேள்வி: எங்கள் விடுதியில் நான்கு அக்சஸ் பொயின்ட்கள் (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகள்) உள்ளன. இணைய இணைப்பு 100 மெகாபிட். அப்படியிருந்தும் பணியாளர்களின் வைஃபை போன்களில் கதைக்கும்போது குரல் வெட்டி வெட்டி வருகிறது. மாலையில் இன்னும் மோசம். எல்லாப் பெட்டியிலும் 5 கிகா ஹேர்ட்ஸ் பட்டையை 80 மெகா ஹேர்ட்ஸ் சனல் அகலத்தில்தான் வைத்திருக்கிறோம்.
– வாசகர், பாசிக்குடா

பதில்: கோளாறே அந்த 80-இல் தொடங்குகிறது. 36, 40, 44, 48 ஆகிய நான்கு சனல்களும் சேர்ந்ததுதான் ஒரு 80 மெகா சனல். ஆகவே உங்கள் நான்கு பெட்டிகளும் ஒரே பாதையில் முறை வைத்துக் காத்து நிற்கின்றன. அகலத்தை 20 ஆக்கி, பெட்டிக்கு ஒரு சனலாக அந்த நான்கையும் பிரித்துக் கொடுங்கள்.

குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்குத் திசைக்கு செக்கனுக்கு 80 கிலோபிட் போதும். ஆனால் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தரவுப் பொட்டலம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். தூரத்து அறையில் ஒருவருடைய போன் 2.4 கிகாவில் 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கி 1500 பைட் அனுப்பினால், அந்தச் சனல் 12 மில்லிசெக்கன் அவருக்கே போய்விடும். எனவே 1, 2, 5.5, 11 மெகாபிட் வேகங்களை நிறுத்திவிடுங்கள். மிகப் பழைய கருவி ஏதாவது இணையாமல் போகலாம், போகட்டும்.

பணியாளர் போன்களுக்குத் தனி வைஃபை பெயரில் 5 கிகாவை மட்டும் கொடுங்கள். விருந்தினருக்கு இரண்டு பட்டையும் இருக்கலாம், ஆளுக்கு ஒரு வேக வரம்போடு. 2.4-இல் சனல் 1, 6, 11 தவிர வேறெதையும் தொடாதீர்கள். குசினிப் பக்கத்துப் பெட்டிக்கு 1 நல்லது, மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சல் அங்கே ஓரளவு குறைவு. நான்காவது பெட்டியில் 2.4-ஐ அணைத்துவிடலாம். 52 முதல் 144 வரையான சனல்களைக் குரலுக்கு வைக்காதீர்கள்: ராடார் அலை என்று சந்தேகம் வந்தாலே பெட்டி சனலை விட்டு ஓடியாக வேண்டும், அழைப்பு அறுந்துவிடும்.

பெட்டியின் வலுவை உச்சத்தில் வைப்பது பலரும் செய்கிற தவறு. பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும்; போனின் மெல்லிய பதில் பெட்டிக்குக் கேட்காது. ஒருபக்கக் குரல் வருவது பெரும்பாலும் இதனால்தான். போனுடைய வலுவுக்குச் சமமாக இறக்கிவிட்டு, போன் போகும் இடமெல்லாம் நடந்து அளந்து பாருங்கள். சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலுவின் அலகு) கீழே விழுகிற இடத்துக்கு இன்னொரு பெட்டிதான் வழி.

கடைசியாக, டபிள்யூஎம்எம் (வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை தரும் வசதி) இயங்குகிறதா, குரல் பொட்டலத்தின் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை அடையாளம் சுவிட்சைத் தாண்டியும் அழியாமல் வருகிறதா என்று பாருங்கள். அழிந்தால் குரலும் வீடியோவோடு ஒரே வரிசையில் நிற்கும்.

கேள்வி: எழுவான்கரையில் அலுவலகம், படுவான்கரையில் களஞ்சியம். வாவிக்கு மேலாக 2 கிலோமீற்றர், 5.8 கிகா இணைப்பு. கம்பங்கள் இரண்டும் 10 மீற்றர். கோடையில் நன்றாக இருந்தது, மாரியில் சிக்னல் விழுகிறது. பெரிய தட்டு (டிஷ் அன்ரெனா) வாங்கலாமா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: வேண்டாம். நடுவழியில் நேர்கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே சுமார் 3 மீற்றர் இடைவெளி இருந்தால் போதும், அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. குழப்புவது தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ரேடியோ அலை. அது நேர் அலையைவிட ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கூடுதலாகப் பயணிக்கிறது. வாவி அரை மீற்றர் ஏறினால் அந்த வித்தியாசம் 1 சென்ரிமீற்றர் மாறும். அலைநீளமே 5 சென்ரிமீற்றர் என்பதால், இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும் நிலைக்கு வந்துவிட முடியும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டி நீர் வடிந்ததும் தானாகச் சரியானால் காரணம் இதுவேதான். இரு அலைகளுக்கும் இடையே அரைப் பாகைக் கோணம்தான், எவ்வளவு பெரிய தட்டும் அதைப் பிரித்தறியாது. ஒரு முனையைக் கரையிலிருந்து பின்னே தள்ளி, கூரை விளிம்பு தண்ணீரை மறைக்கும்படி பொருத்துங்கள். எதிர்த் தட்டு மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு வசதியில்லையென்றால் ஒரு தட்டை ஒன்றரை மீற்றர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். அகலம் 20 மெகா போதும்: 40-ஐவிட 3 டெசிபல் மிச்சம்.

கேள்வி: போனில் 4ஜி முழுதாகக் காட்டுகிறது. அழைப்பு எடுத்தவுடன் டேட்டா மெதுவாகிவிடுகிறதே?
– வாசகர், கல்முனை

பதில்: வோல்டிஇ (4ஜி வழியாகவே கதைக்கும் வசதி) அணைந்திருக்கிறது. அது இல்லையென்றால் போன் கதைப்பதற்காக 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்கும், டேட்டாவும் கூடவே இறங்கும். சிம் அமைப்பில் இயக்குங்கள். அந்தத் தெரிவே காட்டவில்லையென்றால் உங்கள் போன் மாதிரியை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதா என்று கேளுங்கள்.