ஜனவரிக்குக் கடன் வைக்காத கிறிஸ்துமஸ்

வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கும் இந்த வாரத்தில், பண்டிகைச் செலவையும் வீட்டு அலங்காரத்தையும் குறித்து வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கும் மாதச் சம்பள வேலைதான், இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு டிசம்பரிலும் என் வளையல்களை 30,000 ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் பண்டிகை நடக்கிறது. மீட்பதற்குள் ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. சிறுவயதில் புதுத்துணி இல்லாமல் ஆலயத்துக்குப் போன கிறிஸ்துமஸ்களை என்னால் மறக்க முடியவில்லை. என் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிறேன். பணப் பேச்சை எடுத்தாலே சண்டை வருகிறது. இப்போதெல்லாம் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் வளையல்களைவிடக் கடைசி வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கையிருப்பைப் பார்க்கப் பயப்படுகிற வீட்டில் வருமானம் இரண்டு மடங்கானாலும் டிசம்பரில் அடகுக் கடைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். ஏனென்றால் அங்கே செலவைத் தீர்மானிப்பவை பழைய வருத்தமும் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும்தான். புதுத்துணி இல்லாமல் ஆலயத்துக்குப் போன அந்தச் சிறுமியின் வலி உண்மையானது. ஆனால் அவளுக்கு ஆறுதல் சொல்வதற்காக ஆண்டுதோறும் எட்டு மாதம் வட்டி கட்டுகிறீர்கள். மாதம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே 30,000 ரூபாய்க்கு எட்டு மாத வட்டி 2,400 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு நல்ல உடை எடுத்துவிடலாம்.

இதில் நாள்காட்டிக்கும் பங்கு உண்டு. கிறிஸ்துமஸ் மாதக் கடைசியில் வருகிறது. நவம்பர் சம்பளம் அதற்குள் கரைந்திருக்கும். போனஸ் கொடுக்கும் இடங்களில் பெரும்பாலும் அது தீபாவளியோடு முடிந்துவிடும். பண்டிகை போய் மூன்று வாரத்தில் பொங்கல் வரும், அதையொட்டி மூன்றாம் பருவக் கட்டணமும் வரும். எனவே உங்கள் வீட்டு நெருக்கடிக்கு நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வருமானம் வரும் நாளும் செலவு வரும் நாளும் பொருந்தாமல் இருப்பது அதில் பெரும் பகுதி. இதைக் கணவரிடம் முதலில் சொல்லுங்கள். பேச்சு சண்டையாக மாறுவதைத் தடுக்க இந்த ஒரு விளக்கமே பல வீடுகளில் போதுமானதாக இருக்கிறது.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும்; பண்டிகைக்கு இன்னும் ஏறக்குறைய நான்கு வாரம் இருக்கும். அன்று மாலை ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து, சென்ற ஆண்டுச் செலவை நினைவிலிருந்து எழுதுங்கள்: துணி, தையல் கூலி, கேக், முறுக்கு அதிரசத்துக்கான சாமான், கறி, ஊருக்குப் போய்வரும் பயணம், உறவினர் பிள்ளைகளுக்குப் பரிசு, கேரல் குழுவுக்குக் கொடுத்தது, காணிக்கை, அலங்காரம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யாருக்காகச் செய்த செலவு என்று குறியுங்கள். பிள்ளைகளுக்காக, பெற்றோருக்காக, ஆலயத்துக்காக என்று சில வரிகள் வரும். பார்ப்பவர்களுக்காக என்று சில வரிகள் நிச்சயம் வரும். நான்காவது ஜோடித் துணியும், இருபது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கடைக் கேக்கும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பிரிவில்தான் இருக்கும். இந்த ஆண்டு அவற்றை மட்டும் விடுங்கள். காணிக்கையிலும் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதிலும் கை வைக்க வேண்டாம். கொடுக்க முடிகிறது என்ற உணர்வே பணத்தைப் பற்றிய பயத்தைக் குறைக்கிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கணக்கைப் பார்க்கும் பயம் போக, வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பாருங்கள். உதாரணமாக சனிக்கிழமை காலைக் காப்பிக்குப் பிறகு. பார்த்த தொகையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அன்று வேறெந்த முடிவும் எடுக்க வேண்டாம், எதையும் திருத்த வேண்டாம். தொகையைப் பார்ப்பதையும் தன்னைத்தானே திட்டிக்கொள்வதையும் பிரித்து வைப்பதுதான் இதன் நோக்கம். சில வாரங்களில் அது மின்கட்டண அட்டையைப் பார்ப்பதுபோல் சாதாரணமாகிவிடும்.

வளையலுக்குப் பதிலாகக் கிரெடிட் கார்டைத் தேய்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் கட்ட முடியாதவர்களுக்கு அடகைவிடக் கார்டு கொடியது. மாதம் 3.5 சதவீதம் வட்டி போடும் கார்டில் 20,000 ரூபாய் பாக்கி நின்றால் முதல் மாத வட்டியே 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அபராதம் தப்புமே தவிர, பாக்கிக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: சென்னையில் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. திருமணத்துக்குப் பிறகு எங்களுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். குடில், நட்சத்திரம், மரம் எல்லாம் வைக்க ஆசை; 1,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் அனுமதிக்க மாட்டார். முடியுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நன்றாகவே முடியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

குடிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அலங்காரத்தின் உயிர் அதுதான். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலை ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்தபோது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை ஆகியவற்றைத்தான் கொண்டுவரச் செய்தார். ஏழ்மையில் பிறந்த குழந்தையை மக்கள் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆகவே எளிய குடில் வைப்பவர்கள் மனம் குன்றத் தேவையில்லை. குடிலின் மரபே எளிமைதான்.

உங்கள் 1,000 ரூபாயில் பாதியை மண் சொரூபங்களுக்கு ஒதுக்குங்கள். இந்த ஆண்டு மரியாள், சூசையப்பர், குழந்தை இயேசு மூவர் மட்டும் போதும். அடுத்த ஆண்டு இடையரும் ஆடுகளும், அதற்கடுத்த ஆண்டு மூன்று ஞானிகளும் வரட்டும். ஆண்டுக்குச் சில உருவங்களாகச் சேர்ந்த குடிலில் குடும்பத்தின் வரலாறும் சேர்ந்துவிடும். மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் கைவினைஞர்களே கிறிஸ்துமஸ் குடில் செட்டுகளும் செய்கிறார்கள்; அந்தப் பக்கம் போகும் உறவினர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள். பிளாஸ்டர் பொம்மையைவிட மண் பொம்மைக்கு முகத்தில் களை அதிகம் என்பது என் எண்ணம்.

பாறைக்குப் பழுப்பு நிறத் தாளையோ பழைய சிமெண்ட் பைத் தாளையோ நன்றாகக் கசக்கி விரித்து, அட்டைப்பெட்டியின்மேல் போர்த்துங்கள். அங்கங்கே நீர் கலந்த கறுப்பு வண்ணத்தைத் துணியால் ஒற்றினால் மலைக்குகையின் தோற்றம் வந்துவிடும். புல்வெளிக்குப் பிளாஸ்டிக் புல் வேண்டாம். டிசம்பர் 14 வாக்கில் ஒரு கைப்பிடி கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் தட்டில் ஒரு விரல் உயரம் மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, ஈரத் துணியால் மூடுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைத்து, காலையும் மாலையும் கையால் நீர் தெளியுங்கள். 24-ஆம் தேதிக்குள் பசும்புல் எழுந்து நிற்கும். தாமதமாக நினைவு வந்தால் வெந்தயம் தூவலாம், அது இன்னும் விரைவாக முளைக்கும்.

நட்சத்திரத்தை வீட்டிலேயே கட்டலாம். இரண்டரை அடி நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் கட்டினால் ஒரு நட்சத்திரம். இப்படி இரண்டு கட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டிய பிறகு, உட்புறம் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் அரை அடிக் குச்சிகளைச் செருகினால் நடுப்பகுதி உப்பி நிற்கும். மைதாப் பசையால் வண்ணத் தாள் ஒட்டி, பின்பக்கம் ஒரு தாளை மட்டும் பல்பு மாட்டுவதற்குத் திறந்து வையுங்கள். வீட்டுக்குள் சின்ன நட்சத்திரங்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். தடித்த தாளும் பொன்னிறப் பூவேலையும் கொண்ட அவற்றை வெட்டினால் கடை நட்சத்திரம் தோற்றுப்போகும். பத்திரிகையில் பிள்ளையார் படமோ குடும்பத்தாரின் பெயரோ உள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடுவது மரியாதை. தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு போன்ற ஊர்களில் பனையோலையில் அழகான பொருள்கள் பின்னுகிறார்கள். அந்தப் பக்க உறவினர் இருந்தால் பனையோலை நட்சத்திரங்கள் பின்னித்தரக் கேளுங்கள், ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் இருக்கும்.

மரத்துக்கு, தென் மாவட்டங்களில் செய்வதுபோல் ஒரு சவுக்குக் கிளை போதும். ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, வாளியைப் பழைய பட்டுப் புடவையின் கரையால் சுற்றிவிடுங்கள். சவுக்கு விரைவில் காய்ந்து உதிரும் என்பதால் 20-ஆம் தேதிக்கு முன் கொண்டுவர வேண்டாம். உரியவரிடம் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆணி அடிக்க முடியாத சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஜன்னல் கம்பியும் திரைச்சீலைக் கம்பியும் தோரணம் கட்டப் போதுமானவை. வாசலில் நட்சத்திரக் கோலம் போட அரிசி மாவைத் தவிர வேறு செலவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் அக்கா மாதம் 500 ரூபாய் வீதம் கிறிஸ்துமஸ் சீட்டு பிடிக்கிறார். டிசம்பரில் பணத்தோடு பாத்திரமும் மளிகையும் தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்த அக்கா நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் பணத்தை எங்கே வைக்கிறார் என்பதுதான் கேள்வி. சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு தேவை. பதிவில்லாமல் பொதுமக்களிடம் வைப்புத் தொகை திரட்டும் திட்டங்களை 2019-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பதிவு விவரம் கேளுங்கள். காட்டாவிட்டால், உறவு கெடாமல், 'இந்த ஆண்டு வங்கியில் கட்டுகிறோம் அக்கா' என்று சொல்லி விலகுங்கள்.

அதே 500 ரூபாயை வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பாக (ஆர்.டி.) டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால், அடுத்த டிசம்பர் முதல் வாரத்தில் 6,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரின் வங்கி ஒன்று 1909-இலேயே கிறிஸ்துமஸுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கியது. அந்த முறை நாடெங்கும் பரவியது. இப்படிப்பட்ட கணக்குகளில் வட்டி சொற்பமாக இருந்தும் மக்கள் சேர்ந்ததற்குக் காரணம், பண்டிகைப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் தனியே இருந்ததுதான். சீட்டில் உங்களை ஈர்ப்பதும் அதுவே என்றால், வங்கியில் அது பாதுகாப்போடு கிடைக்கிறது.

கேள்வி: பக்கத்து ஃபிளாட்டில் ஆறடி உயரத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஏன் இல்லை என்று ஒன்பது வயது மகன் அழுகிறான். 'நாம் ஏழைகள்' என்று சொல்ல மனம் வரவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அப்படிச் சொல்ல வேண்டாம், அம்மா. பெரிய மரம் வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கவும் வேண்டாம். அலங்காரத்துக்கு என்று நீங்கள் ஒதுக்கியிருப்பதில் 200 ரூபாயை அவன் கையில் கொடுத்து, இதற்குள் என்ன வாங்கலாம் என்று அவனையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். கடையில் அவன் விலை கேட்பான், எடுத்ததை வைப்பான், வேறொன்றை எடுப்பான். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நில்லுங்கள். தவறாகவே வாங்கினாலும் திட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து, சீரியல் விளக்குச் சரத்தை ஜன்னலில் முக்கோண மரமாகக் கட்டி, அவன் வாங்கியதை அதில் மாட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டட்டும்.

கேள்வி: டிசம்பர் முதல் ஜனவரி வரை நட்சத்திரத்தை எரியவிட்டால் மின்கட்டணம் ஏறுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பல்பைப் பொறுத்தது. 60 வாட் குண்டு பல்பு மாலை ஐந்து மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்இடி பல்பு அதே நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட்கூட ஆகாது. குண்டு பல்பு சூடேறித் தாளைப் பொசுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதற்குச் செலவைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி வைப்பதும், தெர்மாகோல் குடிலுக்குள் சரவிளக்கை நெருக்கி வைப்பதும் கூடவே கூடாது. ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழா வரை எரியவிடுங்கள்; படுக்கப் போகும் முன் சுவிட்சை அணைப்பதோடு பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.