கழுத்துப்பட்டையும் கைக்கயிறும்

வணக்கம் ஐயா,

தென் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 42 பிள்ளைகள். சாதிக் கொடுமை பற்றிய ஆவணப்படம் ஒன்றை, ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரே மூச்சில் போட்டோம். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு மாணவி பாதியில் எழுந்து போய்விட்டாள். முடிந்ததும் “என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டேன். “எல்லோரும் சமம்” என்று கோரஸாகச் சொன்னார்கள். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் அதே பழைய பிரிவு. படம் போடுவதால் பயன் உண்டா? என் பெயர் வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயன் உண்டு. ஆனால் கடைசியில் போட வேண்டிய படத்தை முதலில் போட்டுவிட்டீர்கள். பிறர் படும் துயரத்தை அவ்வளவு நேரம் பார்க்கிற பிள்ளை ஒன்று ‘ஐயோ பாவம்’ என்று நினைக்கும், இல்லாவிட்டால் சிரித்துத் தப்பிக்கும். பதினான்கு வயதுப் பையன் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவன் தன் முகத்தைப் பார்க்கிறானே என்ற கூச்சத்தில்தான் சிரிப்பான். எனக்கு அதைவிடக் கவலை தருவது பரிதாபம். அது அடுத்த பெஞ்சில் இருக்கும் பிள்ளையை ஒரு படி கீழே உட்கார வைத்துவிடும்.

துயரத்தைக் காட்டும் முன், பாகுபாடு எப்படித் தயாராகிறது என்பதைக் காட்டுங்கள். அதற்கு நான் சொல்வது, 1985இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் ‘ஃபிரண்ட்லைன்’ வரிசையில் வந்த ‘எ கிளாஸ் டிவைடட்’. அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூர். 1968 ஏப்ரலில் கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும், ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பைக் கண் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். 1970இல் அவர் அதை மறுபடி செய்தபோது படம்பிடித்தார்கள். முதல் நாள் நீலக் கண் உசத்தி, அடுத்த நாள் பழுப்புக் கண் உசத்தி. தாழ்ந்தவர்கள் யாரென்று தூரத்திலிருந்தே தெரிய, அவர்கள் கழுத்தில் ஒரு துணிப்பட்டை. பட்டை கட்டிய நாளில் எழுத்து அட்டைகளைப் படித்து முடிக்க ஐந்தரை நிமிடம் எடுத்த பிள்ளைகள், அது கழன்ற மறுநாள் இரண்டரை நிமிடத்தில் முடிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், நேற்று அந்தப் பட்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம் என்கிறார்கள்.

முழுப்படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்கு அந்த 1970 காட்சிகளில் பதினைந்து நிமிடம் போதும். ஆங்கிலப் படம் என்பதால் முந்தைய நாளே இரண்டு முறை பார்த்து, நிறுத்த வேண்டிய ஆறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று வாக்கியம் தமிழில் சொன்னால் போதும். ஓடும்போதே மேலே பேசினால் பிள்ளைகள் முகங்களைப் பார்க்காமல் உங்களைப் பார்ப்பார்கள். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் 42 பேருக்குப் பற்றாது. கடைசி பெஞ்ச் சலசலப்பில் பாதி, காதில் விழாததால் வருவது. தனி ஸ்பீக்கரை அறையின் நடுவில், தலை உயரத்தில் வையுங்கள். ஜன்னலை மறைத்தாலும் பின்பக்க விளக்கு ஒன்று எரியட்டும். யார் முகம் வாடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நிறுத்தங்களோடு சேர்த்தால் இருபத்திரண்டு நிமிடம் ஆகும். முடிந்தவுடன் யாரையும் பேச விடாதீர்கள். மூன்று நிமிடம் மௌனமாக எழுதட்டும். “என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். “ஆசிரியை எந்தச் சொல்லைச் சொன்னதும் முதல் பிள்ளையின் முகம் மாறியது?”, “பட்டையை யார் யாருக்குக் கட்டிவிட்டார்கள்?” என்று கேளுங்கள். பார்த்ததைச் சொல்லத்தான் இங்கே வேலை, கருத்துச் சொல்ல அல்ல.

பட்டை பற்றிய பேச்சு நீளும்போது, அநேகமாக ஒரு பிள்ளை தன் கையைப் பார்க்கும், அல்லது அடுத்தவன் கையை. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் தடுக்கச் சொன்ன, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் அந்தக் கையில்தான் இருக்கின்றன. அந்த ஒப்புமையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் சொன்னால் அது கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் இன்னொரு உத்தரவு. அன்று யாரும் சொல்லாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

எலியட்டின் கண் நிறச் சோதனையை உங்கள் வகுப்பில் செய்து பார்க்கும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். ரைஸ்வில் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஊர். எந்த மக்களைப் பற்றிய பாடமோ அவர்களுடைய பிள்ளை ஒன்றுகூட அந்த வகுப்பில் இல்லை. கண் நிறம் என்ற பிரிவு மாலையில் கலைந்துவிடும். உங்கள் வகுப்பில் இரு தரப்பும் உட்கார்ந்திருக்கிறது, மணியடித்ததும் வேறு வேறு தெருவுக்குப் போகிறது.

இப்படி இரண்டு மூன்று அமர்வு ஆன பிறகு நம்முடைய படத்துக்கு வரலாம். ஸ்டாலின் கே. எடுத்த ‘இந்தியா அன்டச்ட்’ (2007) தீண்டாமையைப் பல மாநிலங்களிலும் பல மதங்களுக்குள்ளும் தேடிப் போகிறது. ஒரே சாதி குற்றவாளிக் கூண்டில் நிற்காததால் பிள்ளைகள் உடனே தற்காப்புக்குப் போவதில்லை. 108 நிமிடப் படம். பள்ளிக்கூடம் வரும் பகுதியை மட்டும் எடுங்கள். என்ன வரப்போகிறது என்று முந்தைய நாளே வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள். பார்க்க விரும்பாதவர் காரணம் சொல்லாமல் நூலகத்துக்குப் போகலாம். “உங்க தெருவுல எப்படி?” என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள், தன் சாதிக்குப் பேச்சாளராக அதை நிறுத்தியது போலாகும். பெயரில்லாத சீட்டில் எழுதி வாங்கினாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். இரண்டு செக்‌ஷன்களின் சீட்டுகளைக் கலந்து, ஒரு வாரம் கழித்து, உங்கள் குரலில் படியுங்கள். சாதிப் பெயர் உள்ள சீட்டை ஒதுக்கிவிடுங்கள்.

தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அதே பகுதியை முன்பே போட்டுக் காட்டுங்கள். பெற்றோர் கேள்வி எழுப்பினால் தனியாக நிற்க வேண்டியிராது. தலைவர்களின் நினைவு நாட்கள் வரும் செப்டம்பர் இரண்டாம் வாரம், அக்டோபர் கடைசி வாரம், ஊர்க் கோயில் கொடை நடக்கும் நாட்கள், தேர்தல் நேரம், எதுவும் வேண்டாம். காரணம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டு வரிசை ஒரு பருவத்தில் மாறாது. படத்தை வைத்து அதை அளக்காதீர்கள். வரிசையைப் பெயரின் அகரவரிசையில் நிறுத்துவது நீங்கள் நாளைக்கே செய்யக்கூடிய காரியம், அதற்குப் படம் தேவையில்லை.

எழுந்து போன அந்த மாணவியிடம் இன்னும் பேசவில்லை என்றால் இந்த வாரமே பேசுங்கள், வகுப்புக்கு வெளியே, வேறு யாரும் இல்லாதபோது. ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் போட்டது என் தவறு என்று சொல்லுங்கள். அடுத்த படம் எந்தத் தேதி, எதைப் பற்றி என்று மற்ற 41 பேருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியட்டும்.