பில்ட் பாதியில் நிற்கிறதா? தயார் இமேஜை வாங்காதீர்கள்

கேள்வி: சாதனங்களுக்கான லினக்ஸை உருவாக்கும் கருவித்தொகுப்பான யோக்டோவில் முதல் லினக்ஸ் இமேஜை பில்ட் செய்கிறேன். 16 ஜிபி ரேம், 16 திரெட் லேப்டாப். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2. பாதியில் ‘கில்டு’ என்று வந்து நின்றுவிடுகிறது. எல்லாம் அமைத்துவைத்த விஎம் (விர்ச்சுவல் மெஷின்) இமேஜை ஒருவர் விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குப் போதாமல் போவது ரேம். டபிள்யூஎஸ்எல் 2 வழக்கமாக மொத்த ரேமில் பாதியைத்தான் லினக்ஸுக்குக் கொடுக்கும். அதாவது 8 ஜிபி. யோக்டோவின் பில்ட் கருவியான பிட்பேக்கோ 16 திரெட்டைக் கண்டதும் 16 வேலைகளை ஒன்றாகத் தொடங்கும். ஒவ்வொன்றும் 16 கம்பைலர்கள் வரை ஓட்டும். பெரிய சி++ தொகுப்புகள் வரும்போது ரேம் தீர்ந்து, கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடுகிறது.

விண்டோஸ் பயனர் ஃபோல்டரில் ‘.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ கோப்பில் மெமரியை 12 ஜிபி ஆக்கி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து திறங்கள். யோக்டோவின் லோக்கல்.கான்ஃப் கோப்பில் பிபி_நம்பர்_திரெட்ஸ் 4, பேரலல்_மேக் ‘-ஜே 4’. மெதுவாக ஓடும், ஆனால் முடியும். விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்பதால் எதையும் அழிக்காதீர்கள். சோர்ஸ் சி டிரைவில் இருந்தால் லினக்ஸ் ஹோமுக்கு மாற்றுங்கள். டிஸ்கில் 100 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கட்டும்.

அந்த விஎம் விற்பவர் தருவது பெரும்பாலும் இலவசமாக இறக்கியதுதான். எந்த லேயரில் (பில்ட் குறிப்புகளின் தொகுப்பு) எந்த கமிட் (அதன் எந்தப் பதிவு), எதைத் திருத்தினார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். நாளை உங்கள் சாதனத்தை விற்கும்போது ஜிபிஎல் உரிமத்தில் வரும் மென்பொருளின் சோர்ஸைத் தரவேண்டியவர் நீங்கள், அவரல்ல.

ஒரே ஒரு இடத்தில் பழைய சூழல் உண்மையிலேயே தேவைப்படும்: சிப் நிறுவனத்தின் லேயர் யோக்டோவின் பழைய கிளையிலேயே நின்றுவிட்டால். இது அடிக்கடி நடக்கிறது. சிப்பை விற்றதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த லேயரின் லேயர்.கான்ஃப் கோப்பில் லேயர்சீரீஸ்_கம்பாட் வரியைப் பாருங்கள். எந்த யோக்டோ பதிப்புகளோடு சேரும் என்று அது சொல்லும். அங்கே டன்ஃபெல் மட்டும் இருந்தால் அது 2020ஆம் ஆண்டின் யோக்டோ 3.1, ஆதரவு 2024இல் முடிந்தது. அந்த வரியில் ஸ்கார்த்கேப் (யோக்டோ 5.0) என்று கையால் சேர்த்துப் பிழையை அடக்காதீர்கள். இடையில் 3.4 பதிப்பில் ஓவர்ரைடு (ஒரு அமைப்பின் மதிப்பை மாற்றும் வரி) எழுதும் முறை அடிக்கோட்டிலிருந்து முக்காற்புள்ளிக்கு மாறிவிட்டது. பழைய வரிகளில் சில பிழை காட்டும், சில சத்தமே இல்லாமல் விடுபடும். போர்டு பூட் ஆகாதபோதுதான் தெரியும். எல்லா லேயரையும் டன்ஃபெல்லிலேயே வைத்து, உபுண்டு 20.04 டாக்கர் கன்டெய்னருக்குள் பில்ட் செய்யுங்கள். டாக்கர்ஃபைல் சில வரிகள்தான். அதில் சாதாரண பயனர் ஒருவரைச் சேருங்கள். ரூட்டாக ஓட்டினால் பிட்பேக் மறுத்துவிடும்.