சிங்கப்பூர் – நியூயார்க்: நிற்காமல் பறந்தால் எவ்வளவு நேரம்?

விமானப் பாதைக் கணக்கு போடுவது என் பிழைப்பு. கேளுங்கள்.

கே: இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்?

ப: சுமார் 15,350 கி.மீ. நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டும் உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால், குறுக்குவழி வட துருவத்தை ஒட்டிப் போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.7 டிகிரி, அங்கிருந்து நியூயார்க் 49.4. கூட்டினால் 138 சொச்சம். டிகிரிக்கு 111 கி.மீ. சொச்சம். அவ்வளவுதான். ஆனால் விமானம் குறுக்குவழியைவிடக் காற்றைத்தான் பார்க்கும். போகும்போது பசிபிக், வரும்போது பல நாள் அட்லாண்டிக். இரண்டு முறையும் கிழக்கே பறந்து உலகத்தையே ஒரு வலம் வந்துவிடுவதும் உண்டு.

கே: பகல் 12-க்குக் கிளம்பி, அதே நாள் மாலை 6.30-க்கு இறங்குகிறதே. ஆறரை மணி நேரம்தானா?

ப: பதினெட்டரை. பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. கழிக்காதீர்கள். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13.

கே: எக்கானமி சீட்டு என்ன விலை?

ப: இதற்கென்றே செய்த, மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் எக்கானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கை. விலையை ஏஜென்டிடம் கேளுங்கள்.

கே: பூமி கிழக்கே சுற்றுகிறது. மேற்கே போனால் நியூயார்க் தானாக நம்மை நோக்கி வராதா?

ப: வராது. சிங்கப்பூர் நிலம் மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும், சுற்றியுள்ள காற்றும் கூடவே சுற்றுகின்றன. ஓடும் ரயிலில் எலுமிச்சம்பழத்தை மேலே போட்டால் உங்கள் கைக்குத்தான் வரும், பின்பெட்டிக்குப் போகாது.

கே: (அவரே) அப்புறம் ஏன் கிழக்கே போகும் விமானங்கள் சீக்கிரம் சேர்கின்றன? மழுப்பாதீர்கள்.

ப: சரி, மழுப்பவில்லை. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. தாண்டும். வெப்ப மண்டலத்துக் காற்று துருவப் பக்கம் நகரும்போது அதைக் கிழக்கே திருப்பிவிடுவது பூமியின் சுழற்சிதான். ஆக, சுழற்சிக்குப் பங்கு உண்டு என்பதில் நீங்கள் பாதி சரி. ஆனால் அது உதவுவது நீங்கள் சொன்ன திசைக்கு நேர் எதிராக.

கே: (இன்னொருவர்) அப்படியானால் ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தினால்?

ப: எலுமிச்சம்பழம்.

கே: பயண நேரம் எவ்வளவு?

ப: மேலே பாருங்கள்.

கே: முன்பும் இந்தச் சேவை இருந்ததே?

ப: இருந்தது. 2004-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நான்கு எஞ்சின் ஏ340-500, நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்குப் பறந்தது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்ததும் 2018-இல் திரும்ப ஆரம்பித்தார்கள்.

கே: நியூயார்க்கில் இரவு 10.30, சிங்கப்பூரில் மூன்றாம் நாள் காலை 5.10. முப்பது மணி நேரத்துக்கு மேலா உட்கார வேண்டும்?

ப: கழித்துவிட்டீர்கள்.