செப்சிஸில் சோடியம்: கேள்வி பதில்

கேள்வி: செப்சிஸில் (தொற்று முற்றி உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) படுத்திருக்கும் மாமாவுக்கு ரத்தத்தில் சோடியம் 128. உப்புக் குறைவாகச் சாப்பிட்டதாலா?

பதில்: இல்லை. இருக்க வேண்டியது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். எண் இறங்கினால் உப்பு போய்விட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தண்ணீர்தான் கூடியிருக்கும். தொற்று முற்றும்போது இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் உடம்பில் தண்ணீரைத் தேக்கும் வாசோபிரசின் ஹார்மோனைச் சுரக்கவைக்கின்றன. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது, சோடியம் நீர்த்துப்போகும். ரத்தச் சர்க்கரை எகிறினாலும் எண் இறங்கும், அதையும் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு ஏற்றக் கூடாது. சில நாட்களாகவே குறைந்திருந்ததை 24 மணி நேரத்தில் 8, 10 புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்பு இழைகளின் மேலுறை சிதையலாம்.

கேள்வி: உப்பு எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாம். அப்படியானால் 150 இருப்பது நல்லதுதானே?

பதில்: அந்தச் செய்தி பாதிதான். தோலில் சேரும் உப்பு கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்களுக்குக் கிருமியைக் கொல்ல உதவுவதாக 2015இல் எலிகளில் காட்டினார்கள். 2020இல் வந்த ஆய்வில், உப்பு மிகுந்த உணவு தின்ற எலிகளுக்கு சிறுநீரகத் தொற்று மோசமானது. ஒரு வாரம் தினம் 6 கிராம் கூடுதல் உப்பு சாப்பிட்ட மனிதர்களின் நியூட்ரோஃபில்களும் (ஒருவகை வெள்ளையணுக்கள்) கிருமியைக் கொல்வதில் மந்தமாயின.

கேள்வி: ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே! எதை நம்புவது?

பதில்: இரண்டையும். தோலில் தேங்கிய உப்பு வேறு, சாப்பிட்ட உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றும்போது உடம்பில் நடப்பது வேறு. ஐசியூவில் வரும் 150 இரண்டிலும் சேராது. வென்டிலேட்டரில் மயக்க மருந்தில் கிடப்பவர் தாகம் என்று சொல்ல முடியாது. உதடு வெடித்திருக்கும், காய்ச்சலில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கையில் ஏறுவதோ லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் உள்ள சலைன். இதை எதிர்ப்பு சக்தி என்று கொண்டாடச் சொல்கிறீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 131. உப்பு மாத்திரை தரலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நீங்களாகத் தராதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 129. ஒரே நாளில் 140 ஆக்க என்ன வழி?

பதில்: முதல் பதில், கடைசி வரி. 140 ஆக்க ஏன் இத்தனை அவசரம்?

கேள்வி: தாத்தாவுக்குக் குளிர்க்காய்ச்சல், உளறுகிறார், பிரஷர் இறங்கிவிட்டது. காலையில் பார்த்த சோடியம் 126. எதை முதலில் கவனிப்பது?

பதில்: இங்கே காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். செப்சிஸ் ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். வலிப்பு வந்தாலொழிய சோடியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலை ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப்போங்கள்.