கேம்பிங் கப்பும் அதன் அடியில் பொருந்தும் குட்டி ஸ்டவ்வும்: தண்ணீர் சீக்கிரம் கொதிக்க என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருக்கும் அதே பொருள்தான் என்னிடமும் இருக்கிறது. தண்ணீர் பாட்டில், அதன் அடியில் செருகும் ஸ்டீல் கப், கப்புக்கும் அடியில் செருகும் தகர ஸ்டவ், அதற்குள் வைக்க ஒரு பித்தளை ஸ்பிரிட் பர்னர். பிரிட்டிஷ் ராணுவத்தின் 1958 மாதிரி பாட்டிலையொட்டி வந்த வடிவம் இது. நான் இருக்கும் கிளாஸ்கோவில் ராணுவ உபரிச் சாமான் கடைகளில் கிடைக்கும். இங்கிலாந்தில் வார இறுதி நடைப்பயணங்களுக்கு எடுத்துப் போவதாகவும், 30 மில்லி ஸ்பிரிட் ஊற்றியும் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேறு ஸ்டவ் வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். உங்கள் ஸ்டவ் போதுமான சூட்டைத் தருகிறது, அது கப்புக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற சுமார் 2.1 கிலோஜூல் சூடு வேண்டும். ஓடையில் பிடித்த தண்ணீர் 8 டிகிரியில் இருந்தால் இன்னும் 92 டிகிரி ஏற வேண்டும், அதற்கு ஏறத்தாழ 193 கிலோஜூல். இங்கே கடையில் ஊதா நிறத்தில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் பெரும்பகுதி எத்தனால். எத்தனால் ஒரு மில்லி எரிந்தால் சுமார் 21 கிலோஜூல் தரும். அப்படியானால் சூடு கொஞ்சமும் வீணாகாவிட்டால் 9 மில்லிக்குச் சற்று மேல் போதும். நீங்கள் ஊற்றியது 30 மில்லி. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காற்றோடு போயிருக்கிறது. எல்லாச் சூட்டையும் யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் இதே கப்பில், இதே பர்னரில், 15 மில்லியில் அரை லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது ஸ்காட்லாந்தில் ரான்னக் மூர் என்னும் கரிச்சேற்றுச் சமவெளியில். மில்காயில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை போகும் 154 கிலோமீட்டர் மேற்கு ஹைலேண்ட் பாதை அதன் ஓரமாகப் போகிறது. ஒதுங்க மரமில்லை, காற்று நிற்பதே இல்லை. ஒரு ஏப்ரல் மாலை நானும் மனைவியும் அங்கே கூடாரம் போட்டோம். அன்று முழுவதும் மழையில் நடந்திருந்தோம், அவளுக்குக் கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஒரு டீ கிடைத்தால் போதும் என்றாள். பர்னரை இரண்டு முறை நிரப்பினேன். கப்பின் ஒரு பக்கம் முழுக்கச் சுடர் வழிந்து வெளியே பறந்துகொண்டிருந்தது, தண்ணீரோ வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அந்தத் தண்ணீரில் டீ பாக்கெட்டைப் போட்டு இருவரும் குடித்தோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சமையலறைத் தராசையும் மருந்து அளக்கும் சிரிஞ்சையும் பால்கனிக்கு எடுத்துப் போய் உட்கார்ந்துவிட்டேன். கீழே சொல்வதெல்லாம் அந்த மாதம் முழுக்கச் செய்து பார்த்ததில் வந்தது.

முதலில் காற்று. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. எங்கள் ஊரில் கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு வெட்டினால், சமையல்காரர் அரிசி களைவதற்கு முன்பே காற்று வரும் பக்கம் தகரத்தைச் சாத்திவிடுவார். சின்ன வயதில் பார்த்த அது எனக்கு மூரில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வரவில்லையே என்று பின்னால் வருந்தினேன். உங்கள் தகர ஸ்டவ்வின் பக்கங்களில் ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா? காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சுடரை இழுத்துப் போகிறது. அந்த ஸ்டவ்வே காற்றுத் தடுப்பு என்று நினைத்துவிடுகிறோம், அது கப்பைத் தாங்கும் கால் மட்டும்தான்.

கறி வாட்டும் அலுமினிய ட்ரே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது. அதன் அடித்தகட்டை நீளவாக்கில் வெட்டுங்கள், ஒன்று போதாவிட்டால் இரண்டை மடித்து இணையுங்கள். விளிம்புகளை மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கை கிழிக்கும். கப்பைச் சுற்றி வளைத்தால் கப்புக்கும் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், ஒரு சென்டிமீட்டருக்குள். உயரம் தரையிலிருந்து கப்பின் முக்கால் பாகம் வரை. மடிக்கும் கைப்பிடி இருக்கும் பக்கம் ஒரு பிளவு விடுங்கள். கீழ் விளிம்பில், காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம், காகிதம் ஓட்டை போடும் கருவியால் ஏழெட்டு ஓட்டை போதும். இந்தத் தகடு காற்றை மட்டும் தடுப்பதில்லை. மேலே எழும் சூடான புகையைக் கப்பின் பக்கவாட்டோடு ஒட்டி ஏற வைக்கிறது, அதனால் அடிப்பாகத்தோடு பக்கமும் சூடு வாங்குகிறது. உங்கள் கப் வட்டமாக இல்லாமல் அவரை விதை போல ஒடுங்கி நீண்டிருப்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம். வட்டச் சுடர் ஒடுங்கிய அடிப்பாகத்தின் இரு ஓரமும் தாண்டி வழிந்தே தீரும், தகடு இருந்தால் அந்த வழிசலும் வேலை செய்யும்.

ரொம்ப இறுக்கிவிடவும் கூடாது. நானும் ஒருமுறை தகட்டைக் கப்போடு ஒட்டவே வளைத்தேன். சுடர் மஞ்சளாகித் திணறியது, கண் எரிந்தது, கப்பின் அடியில் கரி அப்பிக்கொண்டது. ஸ்பிரிட் எரியவும் மூச்சு வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் கேஸ் கேனிஸ்டர் மேலேயே திருகும் ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தத் தகட்டைக் கேனிஸ்டரையும் சேர்த்துச் சுற்றிவிடாதீர்கள். கேனிஸ்டர் சூடேறினால் வெடிக்கும். ஸ்பிரிட், கட்டி எரிபொருள் இரண்டுக்கும்தான் இந்த வேலை.

அடுத்தது மூடி. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 2.26 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். திறந்த கப்பில் 20 கிராம் போனால் 45 கிலோஜூல், தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்திருந்த சூட்டிலிருந்தே அது கழிகிறது. பாதிச் சூடுதான் கப்புக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு மில்லிக்கு மேல் ஸ்பிரிட்டை ஆவியாக ஊதிவிட்டீர்கள். உங்கள் கப்போடு மூடி வரவில்லை என்றால் அதே ட்ரேயில் மிச்சமிருக்கும் தகட்டில் கப்பின் வாயை வரைந்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டி மடித்துவிடலாம். தூக்குவதற்கு நடுவில் ஒரு கம்பி வளையம். திறந்து திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கொதி வந்தால் மூடி தானே படபடக்கும்.

மூன்றாவது, பர்னரின் வாய்க்கும் கப்பின் அடிக்கும் உள்ள தூரம். இதைப் பலர் கவனிப்பதில்லை. கப் தாழ்ந்து உட்கார்ந்தால் குளிர்ந்த உலோகம் சுடரை நசுக்கிவிடும், ஸ்பிரிட் முழுதாக எரியாமல் நெடி வரும். உயர்ந்து உட்கார்ந்தால் சூடு கப்பைத் தொடும் முன்பே வெளிக்காற்றோடு கலந்துவிடும். பர்னருக்கு அடியில் நாணயங்களை அடுக்கி ஏற்றி இறக்கிப் பார்த்ததில் எனக்கு 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை நன்றாக வந்தது. உங்கள் பர்னரின் உயரம் வேறாக இருக்கலாம், நீங்களும் நாணயம் வைத்தே கண்டுபிடியுங்கள். நீலச் சுடரின் நுனி அடிப்பாகத்தில் பட்டு விரிய வேண்டும், பக்கத்தில் ஏறி வாய்வரை நக்கக் கூடாது.

அப்புறம் வேகம். நீங்கள் "சீக்கிரம்" என்று கேட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் வேறு, சிக்கனம் வேறு. பெரிய சுடர் ஒடுங்கிய கப்பின் ஓரம் தாண்டிப் போகும், சின்னச் சுடர் அடிக்குள்ளேயே நிற்கும். பர்னரின் வாயைப் பாதி மூடும் வளையம் இருந்தால் அதைப் பாதி மூடி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகும், ஸ்பிரிட் கணிசமாக மிச்சமாகும். மூன்று நாள் நடைக்கு எரிபொருளை முதுகில் சுமப்பவனுக்கு அந்த மிச்சம் பெரிது. குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருக்கும்போது நானும் வளையத்தை எடுத்துவிட்டு முழுச் சுடரில்தான் வைப்பேன், அதில் தவறில்லை.

குளிர் தனிப் பிரச்சினை. எத்தனாலின் மேல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி உண்டாக அது சுமார் 13 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் கூட. மார்ச் மாதக் காலையில் தீக்குச்சியை உள்ளே காட்டினாலும் அணைந்துவிடுவது இதனால்தான், ஸ்பிரிட் மோசம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிட் இருக்கும் சின்ன பாட்டிலை இரவு தூங்கும்போது ஸ்லீப்பிங் பைக்குள்ளும், பகலில் ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். பர்னரை ஈரத் தரையில் நேராக வைத்தால் அதன் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். பர்னர் சூடானால்தானே ஸ்பிரிட் ஆவியாகி எரியும்? ஃபாயில் சுற்றிய ஒரு சின்னக் கார்க் பலகையை அடியில் வைக்கிறேன். மூர் போன்ற இடங்களில் இதை வேறொரு காரணத்துக்காகவும் வைக்க வேண்டும்: அங்கே கால் வைப்பது மண்ணில் அல்ல, காய்ந்தால் எரியக்கூடிய கரிச்சேற்றில். அதற்குள் தீ இறங்கினால் வெளியே தெரியாமல் நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

டைட்டேனியம் கப் வாங்கினால் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எடை குறையும், கொதிக்கும் நேரம் மாறாது. அலுமினியம் டைட்டேனியத்தைவிடப் பத்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான், ஆனால் கப்பின் சுவர் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிசு. சுடரிலிருந்து உலோகத்துக்குச் சூடு தாவுவதுதான் கடினமான இடம், உலோகத்துக்குள் நுழைந்தபின் தண்ணீருக்குப் போய்விடும். அரிசியோ பாலோ வைத்தால்தான் உலோகத்தின் வித்தியாசம் தெரியும், ஸ்டீலிலும் டைட்டேனியத்திலும் சுடர் படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். அதனால் டீக்குப் பாலைக் கப்பில் காய்ச்சாதீர்கள். தண்ணீரும் டீத்தூளும் இஞ்சியும் கொதித்து இறக்கியபின் பால் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். கப்பின் அடியில் படிந்த மெல்லிய கரியைத் தேய்த்து எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பையில் மற்ற சாமான்கள் கறுக்காமல் இருக்க ஒரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நூடுல்ஸ், ஓட்ஸ் போன்றவற்றுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தேவையே இல்லை. கப்பின் அடியிலிருந்து குமிழ் கட்டி மேலே வரத் தொடங்கியதும் போட்டு, மூடி, கம்பளித் தொப்பியால் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் வெந்துவிடும். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதாக இருந்தால் மட்டும் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

ஸ்பிரிட்டை விட்டு ஹெக்சமைன் என்னும் கட்டி எரிபொருளுக்கு மாறலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. கைக்கு அடக்கமானது, சிந்தாது, 14 கிராம் கட்டி ஒன்று பன்னிரண்டு நிமிடம் அளவுக்கு எரியும். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் ஹெக்சமைன் வெடிபொருள் மூலப்பொருட்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது, பொதுமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். பழைய பாக்கெட் யாராவது கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனாலைக் கட்டியாக்கி விற்கும் எரிபொருள் கடைகளில் கிடைக்கிறது. அதற்கும் மேலே சொன்ன தகடு, மூடி, தூரம் எல்லாம் பொருந்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பி பாட்டிலிலிருந்து பர்னரில் ஊற்றியபோது என் வலது கை மணிக்கட்டு வரை தீ ஏறியது. பக்கத்தில் ஓடை இருந்ததால் உடனே கையை முக்கினேன், காயம் ஆற இரண்டு வாரம் ஆனது. கையிலிருந்த பாட்டிலிலும் தீப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இப்போது பர்னரை மூடி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து, வெறும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி ஊற்றுவேன். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதையும் விட்டுவிட்டேன், 15 மில்லி சின்ன மூடியில் அளந்து ஊற்றுகிறேன். மழை எவ்வளவு அடித்தாலும் கூடாரத்துக்குள் பற்ற வைக்காதீர்கள். எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, கூடாரத் துணி நொடியில் உருகிவிடும்.

இந்த வாரம் தகட்டையும் மூடியையும் செய்து, வீட்டு வாசலிலேயே 15 மில்லி ஊற்றி ஒருமுறை பாருங்கள். கப்பின் சுற்றளவையும், ஸ்டவ்வோடு சேர்த்து மொத்த உயரத்தையும் அளந்து இங்கே எழுதினால், தகட்டை எந்த அளவில் வெட்ட வேண்டும், பிளவை எங்கே விட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.