வயிற்றோட்டம் நின்றது, முழங்கால் வீங்கியது

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு நாள் வயிற்றோட்டம், காய்ச்சல். சுகமாகி மூன்று கிழமையில் வலது முழங்காலும் கணுக்காலும் வீங்கிவிட்டன, கண்ணும் சிவந்திருக்கிறது. அயலில் ஒரு பிள்ளைக்கு மூட்டு நோவுக்கென்று மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுகிறார்கள். இவனுக்கும் போடலாமா, இல்லாவிட்டால் பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கவா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா, முதலில் ஆளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வயிற்றோட்டம், சில கிழமை இடைவெளி, பிறகு காலில் ஒன்றிரண்டு பெரிய மூட்டு, கூடவே கண் என்று நீங்கள் எழுதியிருப்பது ரியாக்டிவ் ஆர்த்திரைற்றிஸ் என்ற, வேறிடத்துத் தொற்றுக்குப் பின் வரும் மூட்டு வீக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. சல்மொனெல்லா, சிகெல்லா, கம்பைலோபக்டர் போன்ற குடல் கிருமிகளுக்குப் பின் இது வரும். பாலுறவால் தொற்றும் கிளமிடியாவும் இதே வேலையைச் செய்யும், ஆகவே டொக்டர் தம்பியைத் தனியாக வைத்து இரண்டு கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள்.

தொடக்கி வைத்தது கிருமிதான். ஆனால் மூட்டு நீரை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்காது. குடல் கிருமிகளின் உடைந்த துண்டுகள்தான் மூட்டில் அகப்பட்டிருக்கின்றன, அதைக் கண்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் அங்கே நின்று சண்டை பிடிக்கிறது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம். செத்த கிருமியை அன்ரிபயோட்டிக் என்ன செய்யும்? கிளமிடியா கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு மருந்து உண்டு, மற்றப்படி வீக்கம் வற்ற நப்ரொக்சன் போன்ற குளிசை, தேவையானால் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும்.

அயல் பிள்ளையின் கதை வேறு. அது ருமாற்றிக் காய்ச்சலாக இருக்க வேண்டும். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி தொற்றி இரண்டு மூன்று கிழமையில் ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு நோ தாவும். மூட்டு பிறகு சுகமாகிவிடும், இருதய வால்வுதான் பழுதாகும். திரும்பத் திரும்பத் தொண்டைத் தொற்று வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்கத்தான் அந்த ஊசி, மூட்டு நோவுக்கு அல்ல. அந்தப் பிள்ளை ஒரு தவணையும் தவறவிடக்கூடாது என்று போய்ச் சொல்லுங்கள்.

தம்பிக்குத் திரும்பக் காய்ச்சல் அடித்து, மூட்டு கொதித்துச் சிவந்து, காலை ஊன்றவே முடியாவிட்டால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. அப்போது மூட்டுக்குள் உண்மையாகவே சீழ் இருக்கலாம், சில நாளிலேயே குருத்தெலும்பு கரைந்துபோகும். கண்ணையும் கண் டொக்டர் பார்க்கட்டும், கடைச் சொட்டு மருந்தோடு விட்டுவிடாதீர்கள்.